வரப்பில் செத்த படை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கையால் ஒரு படையே செத்துப்போனது.

பதறாதீர்கள். கம்ப்யூட்டர் விளையாட்டுதான். ஆனாலும், சாப்பிட்டுக் கழுவிய கை காய்வதற்குள் அத்தனை சிப்பாய்களையும் வரிசையாக அனுப்பி, வரிசையாகவே பறிகொடுத்தால் மனசு ஒரு மாதிரி ஆகத்தான் செய்கிறது. செத்தவர்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. அதற்கே எனக்கு அடுத்த டம்ளர் மோர் இறங்கவில்லை.

என்னைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் லட்சணம் தெரியும். போனில் வரும் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்கவே ஆள் தேடுகிறவள் நான். நான் எங்கே, யுத்தம் எங்கே? எல்லாம் கயல்விழி செய்த வேலை.

கயல்விழி என் தோழி வசந்தாவின் மகள். வசந்தாவும் நானும் தாலுகா ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேஜை. பட்டா, சிட்டா, அடங்கல் என்று பாதி ஆயுளைக் கழித்தோம். அவள் வீடு திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் முருகையன் விவசாயம் பார்க்கிறார். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில் பெண் ராத்திரி பகலாக எதையோ தட்டிக்கொண்டே இருக்கிறாள் என்று வசந்தா ஆபீசில் புலம்புவாள். தட்டினது வீண் போகவில்லை. இன்று அந்தப் பெண் பெங்களூரில் யுத்த விளையாட்டு தயாரிக்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறாள். இப்போது வீட்டிலிருந்தே வேலை. போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன்.

“என்னம்மா வேலை உனக்கு?” என்று கேட்டேன்.

“பேலன்ஸ் பண்றது, பெரியம்மா. காலாட்படையையும் துணை ஆயுதங்களையும்.”

எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, மேஜைமேலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

“நேரா ஓடி வர்ற ஆளுங்கள மெஷின் கன் சாச்சுடும். ஆனா அதத் திருப்ப நேரமாகும். பக்கவாட்டுல சுத்திப் போயிட்டா அவ்ளோதான், ஆளுங்க அதப் புடிச்சுடுவாங்க. அப்புறம் மோர்ட்டார்னு ஒண்ணு. குண்டத் தூக்கி வானத்துல போட்டு தலையில எறக்கும். ஒரே எடத்துல உக்காந்திருக்கிற மெஷின் கன்னுக்கு அதுதான் எமன். அந்த மோர்ட்டார்கிட்ட நாலு பேரு ஓடிப் போயிட்டா, அதால ஒண்ணும் பண்ண முடியாது.”

“அப்ப எதுதாம்மா பெருசு?”

“எதுவுமே பெருசா இருக்கக் கூடாது பெரியம்மா. அதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க.”

எதுவுமே பெரிசாக இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வதற்கு ஒரு உத்தியோகம்! சட்டசபையில் இல்லை, கலெக்டர் ஆபீசில் இல்லை... விளையாட்டுக் கம்பெனியில் இருக்கிறது. ஒரு சிப்பாய் எவ்வளவு வேகமாக ஓடலாம், எத்தனை அடி தாங்கலாம், துப்பாக்கி சூடாக எவ்வளவு நேரம் ஆகலாம் என்று அவள் ஒவ்வொன்றையும் மயிரிழை மயிரிழையாகத் திருகிக்கொண்டிருக்கிறாள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று சாய்கிறது. அதை நிமிர்த்தினால் மூன்றாவது கவிழ்கிறது. குழம்புக்கு உப்புப் போடவே எனக்கு இத்தனை வருஷத்திலும் அளவு பிடிபடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கயலுக்கு ஒரு சிக்கல்.

விளையாட்டில் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு நிலப்பரப்பு இருக்குமாம். அதை மேப் என்கிறார்கள். பர்மா பக்கம் நடக்கிற ஒரு சண்டைக்கு நெல் வயல் வேண்டியிருந்தது. “நீதான் நெல் ஊர்க்காரியாச்சே” என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள். அவள் சொந்தமாகச் செய்யும் முதல் மேப் அது. உயிரைக் கொடுத்துச் செய்திருக்கிறாள். வாய்க்கால், மதகு, வளைந்து வளைந்து போகிற வரப்பு, தூரத்தில் களத்துமேடு. அறுப்புக்குத் தண்ணீர் வடித்த வயல், முற்றிச் சாய்ந்த கதிர். காற்று அடித்தால் பயிர் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்திருக்கிறது. வரப்போரத்தில் நண்டு வளைகூட வைத்திருக்கிறாள். பார்த்து அசந்துபோய் உட்கார்ந்துவிட்டேன்.

அழகு போதாதே. பேலன்ஸ் வேண்டுமே.

முதலில் வீட்டிலேயே சோதனை நடந்திருக்கிறது. அப்பா, அம்மா, பக்கத்துக் கடை சிக்கந்தர் பாய் என்று எல்லோரும் விளையாடினார்கள். யார் விளையாடினாலும் காலாட்படை காலி. களத்துமேட்டில் இருக்கிற ஒரே ஒரு மெஷின் கன் அத்தனை பேரையும் முடித்துவிடுகிறது. சரி, காலாட்படைதான் பலவீனம் என்று கயல் அவர்களுக்குத் தெம்பைக் கூட்டினாள். மறுபடி ஆட்டம். மறுபடி சாவு. இன்னும் கூட்டினாள். ஒரு வழியாக ஜெயமும் தோல்வியும் சரிக்குச் சரியாக வந்தது. பெங்களூருக்கு அனுப்பிவைத்தாள்.

அங்கே இருக்கிறவர்கள் விளையாடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். சிப்பாய்கள் ராட்சசர்களாக இருக்கிறார்கள், ஒரே ஓட்டத்தில் மெஷின் கன்னைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், இதில் எங்கே இருக்கிறது யுத்தம் என்று கேட்டார்களாம். மேலதிகாரி ரோஹித் நல்ல பையன்தான். ஆனால் கறாராகச் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை காலை தானே விளையாடிப் பார்ப்பதாகவும், சரியாக இல்லாவிட்டால் இந்த மேப்பை எடுத்துவிட்டு வேறொருத்தர் செய்த பனிமலை மேப்பைப் போட்டுவிடுவதாகவும்.

“அதே ஆளு, அதே துப்பாக்கி, அதே வயலு. நம்ம வீட்ல ஆடினா ஒரு கணக்கு, அங்க ஆடினா ஒரு கணக்கு. எனக்குப் பைத்தியம் புடிக்குது பெரியம்மா” என்றாள். கண் கலங்கியிருந்தது. வசந்தா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அதற்காகத்தான், கூட்டிய தெம்பையெல்லாம் எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எல்லோரையும் உட்காரவைத்தாள். புது ஆளாக நான். டிவியில் வயர் மாட்டி விளையாட்டு ஓடியது. எந்தப் பித்தானை அழுத்தினால் யார் நகர்வார்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். நானும் மெஷின் கன்னையும் மோர்ட்டாரையும் பத்திரமாகப் பின்னால் வைத்துவிட்டு, ஆட்களை முன்னே அனுப்பினேன். என்ன ஆயிற்று என்பதுதான் உங்களுக்கு முதல் வரியிலேயே தெரியுமே.

“அக்காவும் அவுட்டா?” என்றார் முருகையன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

சிக்கந்தர் பாய் ஆடினார். பல வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு வந்து மளிகைக்கடை வைத்திருப்பவர். உலகம் தெரிந்த மனுஷர். அவரும் அவுட். “மாப்ளே, அந்தக் களத்துமேட்டுக்காரன் மனுசனே இல்ல” என்று முருகையனிடம் சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

கயல் லேப்டாப்பை மடியில் இழுத்துக்கொண்டாள். எங்கள் ஆட்டங்களை எல்லாம் பதிவு செய்து வைத்திருந்தாள். பெங்களூர்க்காரர்கள் ஆடியதும் அவளிடம் இருந்தது. திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள் என்று ஓடவிட்டாள். ஓடவிட்டு நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள்.

பெங்களூர் சிப்பாய்கள் வயலில் குதித்தார்கள். கதிரைச் சடசடவென்று மிதித்துக்கொண்டு, விரிந்து பரவி, களத்துமேட்டை நாலு பக்கமும் சுற்றி வளைத்தார்கள்.

எங்கள் சிப்பாய்கள்?

வரப்பில் போனார்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக. வரப்பு வளைகிற இடத்தில் எல்லாம் தாங்களும் வளைந்து, பவ்யமாக, கோயில் பிரசாதத்துக்கு நிற்கிற மாதிரி வரிசையாகப் போனார்கள். மெஷின் கன் அந்த வரிசையை முனையிலிருந்து கடைசிவரை ஒரே வீச்சில் வாங்கியது. என்னுடைய ஆள், பாயுடைய ஆள், முருகையனுடைய ஆள், வசந்தாவுடைய ஆள்... ஒருத்தர்கூட வயலில் கால் வைக்கவில்லை.

கயல் மெதுவாகத் திரும்பினாள். “பெரியம்மா, வயல்ல எறங்கலாம்னு உங்களுக்குத் தோணவே இல்லியா?”

யோசித்துப் பார்த்தேன். சத்தியமாகத் தோன்றவில்லை. அங்கே வழி இருக்கிறது என்றே என் கண்ணுக்குத் தெரியவில்லை. சுவர் இருந்தால் சுற்றித்தானே போவோம்? அந்த மாதிரி.

“எறங்கக் கூடாதுன்னு நான் எங்கியும் போடலியே. பாய் மாமா, நீங்க?”

“கதிரு முத்திக் கெடக்குதேம்மா. யாரு வயலுன்னுகூடத் தெரியல” என்றார் பாய்.

“அது விளையாட்டு மாமா.”

“தெரியுது. இருந்தாலும் யாரு வயலோ என்னவோ.”

கயலுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளும்தானே? இந்த மேப்பை உருவாக்கியவள், நாள் பூராவும் இதிலேயே கிடந்தவள், அவளும் ஒரு தடவைகூட ஆளை வயலில் இறக்கிப் பார்த்ததில்லை. நெல்லை மிதிக்காத ஜனங்களுக்காக அவள் ஒரு யுத்தத்தையே பேலன்ஸ் செய்துவிட்டாள்.

நான் முருகையனைப் பார்த்தேன். மனுஷர் சிரிக்கவில்லை. திரையில் வரப்போரம் விழுந்து கிடந்த சிப்பாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பாவ இப்படித்தான் புடிச்சாங்க” என்றார்.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கூலித் தகராறு நடக்காத ஊர் ஏது? ஊரில் கூலி பேசி முடியவில்லை என்று மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுக்கப் பார்த்திருக்கிறார். முருகையனின் அப்பாவும் மற்றவர்களும் கொடியைத் தூக்கிக்கொண்டு மறிக்கப் போனார்கள். போலீஸ் வந்தது. ஆளாளுக்குச் சிதறி ஓடினார்கள்.

“வரப்புல ஓடியிருக்காரு. ரெண்டு பக்கமும் வெளஞ்ச பயிரு. இந்த முனையில போலீசு, அந்த முனையிலயும் போலீசு. வயல்ல குதிச்சிருந்தா வாய்க்காலத் தாண்டித் தப்பிச்சிருக்கலாம். குதிக்கல. வரப்பு மேலேயே நின்னுட்டாரு. வெச்சு அடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. ஒடஞ்ச காலு அப்பறம் ஒண்ணு சேரவே இல்ல.”

“யாரு வயல் தம்பி அது?” என்று கேட்டேன்.

“அந்த மிராசுதாரு வயலுதாங்க.”

“அவரு வயல மிதிக்கறதுக்கு என்னவாம்?”

முருகையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இதைக்கூடவா கேட்பாய் என்கிற பார்வை.

“வயல் அவருதுதாங்க்கா. நட்டது நாங்கதானே?”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தாலுகா ஆபீசில் நான் பார்க்காத நிலச் சண்டையா? வரப்பை ராவோடு ராவாக வெட்டி நகர்த்துவார்கள். அண்ணன் தம்பி மண்டையை உடைத்துக்கொள்வார்கள். சாகுபடி யார், பட்டா யார் என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடப்பார்கள். ஆட்சி மாறும், சட்டம் மாறும், சுவரில் சின்னம் மாறும், மனு மட்டும் அதே மனுவாக வரும். முருகையன் குடும்பத்துக்கே அப்படி எல்லாம் அலைந்துதான் கொஞ்சம் நிலம் கைக்கு வந்தது. இவ்வளவையும் பார்த்த எனக்கு, அந்தச் சண்டைகளுக்கு நடுவில் மனுஷர்கள் எங்கே கால் வைத்தார்கள், எங்கே வைக்கவில்லை என்று கவனிக்கத் தோன்றவில்லை. எதிரியின் வயல். உள்ளே இறங்கினால் உயிர் பிழைக்கலாம். இறங்கவில்லை. யாரும் போட்ட சட்டம் இல்லை அது. அதற்கு எந்த ஆபீசிலும் ஃபைல் கிடையாது.

நான் இப்படி மலைத்துப்போய் உட்கார்ந்திருக்க, கயலுக்கு மலைக்க நேரமில்லை. மறுநாள் காலை ரோஹித் வந்துவிடுவான்.

“சிம்பிளா ஒண்ணு செய்யலாம். ஆளுங்களோட தெம்ப இப்படியே கொறச்சலா விட்டுட்டா பெங்களூர்க்காரங்களுக்கு சரியாயிடும். மேப் பாஸ் ஆயிடும்” என்றாள். லேப்டாப்பில் கை வைத்தாள். வைத்த கையை எடுத்தாள். “ஆனா எல்லாரும் வயல மிதிச்சுட்டுத்தான் போவாங்க.”

“போகட்டுமே. அவங்க ஊரு பழக்கம்” என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

பாய் கிளம்புவதற்காகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார்: “வெளஞ்ச பயிர மிதிச்சுட்டு அந்த ஊருக்குள்ள போய் நின்னா, குடிக்கத் தண்ணி தருவானா ஒருத்தன்? வழி கேட்டாக்கூடச் சொல்ல மாட்டான்மா.”

கயல் விருட்டென்று நிமிர்ந்தாள்.

அந்த விளையாட்டில் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு உண்டு. மேப்பில் இருக்கிற ஊர்க்காரர்கள் நம் படைக்குத் துப்புச் சொல்வார்கள். எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்பது திரையில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். கயல் அதை வயலோடு முடிச்சுப் போட்டாள். நெல்லை மிதித்தால், ஊர் வாயை மூடிக்கொள்ளும். புள்ளிகள் மறைந்துவிடும். ஓடலாம், சீக்கிரம் போகலாம், ஆனால் குருடனாகப் போக வேண்டும். சிப்பாய்களின் தெம்பைக் குறைத்தபடியே விட்டுவைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேலையை முடித்து அனுப்பினாள்.

அன்று சாயங்காலமே தஞ்சாவூர் திரும்ப வேண்டியவள் நான். பஸ்ஸாவது ஒன்றாவது என்று தங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை. டிவியில் ரோஹித்தின் ஆட்டம் நேரடியாக ஓடியது. குரல் மட்டும் கேட்டது. இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தோம். வசந்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தாள். கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டுப் பாயும் வந்திருந்தார்.

ரோஹித் எடுத்ததுமே படையை வயலில் இறக்கினான். முருகையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதிர் சாயச் சாய, ஊரின் ஜன்னல் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டது. சிவப்புப் புள்ளிகள் அணைந்தன. எங்கிருந்து என்று தெரியாமல் மோர்ட்டார் குண்டு வந்து விழுந்தது. படை முடிந்தது.

“வாட் ஹேப்பண்ட்?” என்றது குரல்.

கயல் ஆங்கிலத்தில் சொன்னாள். மிதித்தால் ஊர் பேசாது என்று. கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது.

இரண்டாவது ஆட்டம் ஆரம்பித்தது. ரோஹித்தின் சிப்பாய்கள் வயலோரம் வரை ஓடி வந்தார்கள். நின்றார்கள்.

நின்றார்கள் என்று சொல்லும்போதே எனக்கு இப்போதும் என்னவோ செய்கிறது. வாழ்க்கையில் வயலே பார்த்திருக்கிறானோ இல்லையோ, அந்தப் பையன் நெல்லுக்கு முன்னால் நின்று யோசித்தான்.

பிறகு நடந்ததுதான் யுத்தம். பின்னால் சும்மா கிடந்த மோர்ட்டாரை முன்னே கொண்டுவந்தான். குண்டு போடவில்லை, புகை போட்டான். களத்துமேட்டுக்கும் வரப்புக்கும் நடுவில் வெள்ளையாகப் புகை எழுந்தது. மதகுக்குப் பக்கத்தில் தன்னுடைய மெஷின் கன்னை நிறுத்தி, எதிரி தலை தூக்காமல் பார்த்துக்கொண்டான். அந்தப் புகைக்குப் பின்னால் அவன் சிப்பாய்கள் வரப்பில் ஏறினார்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக... நாங்கள் போன மாதிரியே. இரண்டு பேர் விழுந்தார்கள். மற்றவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஆளும் ஆயுதமும் ஒன்றுக்கொன்று கை கொடுத்து, ஒரு கதிர்கூடச் சாயாமல், ஒரு படை வயலைத் தாண்டியது. எது பெரிசு? எதுவும் பெரிசாக இல்லை. அதைக் கண்ணால் பார்த்தேன்.

“கயல், திஸ் இஸ் த பெஸ்ட் மேப் வீ ஹேவ்” என்றான் ரோஹித். பனிமலைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான்.

வசந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பாய் கடையைத் திறக்கவேண்டும் என்பதையே மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கயல் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி இரண்டையும் செய்தாள். பெற்ற பிள்ளைகளைப் பற்றி நாம் எவ்வளவோ பெருமை பேசுகிறோம். நான் பெறாத ஒரு பெண்ணைப் பார்த்து அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

முருகையன் மட்டும் இன்னும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சண்டை முடிந்து அமைதியாகக் கிடந்த வயலில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

“நல்லா பழுத்துருச்சு பாப்பா. இன்னும் விட்டா கொட்டிப் போயிடும். சண்ட முடிஞ்சதும் யாரு அறுப்பா?”

அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. கயல் அப்பாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கைக்கு வந்த வெற்றியை எடுத்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.

மைக்கை மறுபடி ஆன் செய்தாள். “ரோஹித்... எனக்கு இன்னும் ஒரு வாரம் வேணும். இதுல அறுப்பு வைக்கணும்.”